நாலாவது கை

யாழ்ப்பாணத்துச் சீட்டாட்டமான முந்நூற்றிநாலுக்கு நாலு கை வேண்டும். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைச் சீட்டுக்கு 76 புள்ளி, நாலு வகைக்கும் 304. பெயர் வந்த கணக்கு அவ்வளவுதான்.

எண்பதுகளில் மேற்கு ஜெர்மனிக்கு அகதியாக வந்து சேர்ந்த பெரியவர்களிடம் பேசினால் இந்த ஆட்டம் எப்படியாவது பேச்சில் வந்துவிடும். வேலை செய்ய அனுமதி இல்லை, மொழி தெரியாது, பகல் நீளம். சீட்டுக்கட்டு இருந்தது. ஆனால் சில முகாம்களில் தமிழர் இரண்டே பேர், சிலவற்றில் மூன்று. நாலாவது கைக்கு எங்கே போவது? இதை அவர்கள் பெரிய குறையாகச் சொல்வதில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். அந்தக் கை கிடைக்காமல் போனதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. அங்கிருந்து தொடங்கினால்தான் அவர்களுடைய பிள்ளைகள் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து இணைய விளையாட்டுகளில் ஒருவரையொருவர் கண்டுபிடித்த கதை விளங்கும்.

1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ட்ராஸ ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். நகரத்தின் நடுவே ஓடிய கோட்டை மேற்கு நாடுகள் சர்வதேச எல்லையாக ஏற்காததால் அந்தப் பக்கம் வழக்கமான குடிவரவுச் சோதனை இல்லை. 1985 இல் கிழக்கு ஜெர்மனி, போகும் நாட்டுக்கான விசா இல்லாத இலங்கையரை அவ்வழியே விடுவதை நிறுத்தியது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வந்துவிட்டார்கள்.

வந்தவர்களை அரசு ஓரிடத்தில் சேர்ந்திருக்க விடவில்லை. அகதி விண்ணப்பதாரர்களை மாநிலங்களுக்கு விகிதப்படி பிரித்து அனுப்பினார்கள். இன்று அந்த விகிதத்துக்குக் கோனிக்ஸ்டைன் அளவுகோல் என்று பெயர்: மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்தின் வரி வருவாயைப் பார்க்கும், மீதி ஒரு பங்கு மக்கள்தொகையைப் பார்க்கும். யாருக்கு எங்கே உறவினர் இருக்கிறார் என்பதற்கு அதில் இடமில்லை. மாநிலம் அவர்களை மாவட்டங்களுக்குப் பிரித்தது, மாவட்டம் சிற்றூர்களுக்கு அனுப்பியது. போதாததற்கு 1982 ஆம் ஆண்டின் அகதிச் சட்டம், அனுமதியின்றித் தம் எல்லையைத் தாண்டிப் போகக்கூடாது என்றது. பக்கத்து மாவட்டத்தில் ஒன்றுவிட்ட தம்பி இருந்தாலும் கடிதம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதன் விளைவை இன்றும் பார்க்கலாம். லண்டனுக்கு ஈஸ்ட்ஹாம், பாரிஸுக்கு லா ஷப்பெல், டொரொன்டோவுக்கு ஸ்கார்பரோ என்று சொல்வதுபோல ஜெர்மனியில் ஒரு தமிழ்ப் பேட்டை உருவாகவில்லை. ஈழத்தமிழர் சுமார் 60,000 பேர் என்பது வழக்கமான மதிப்பீடு. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் கூடுதலாக இருந்தாலும், அங்கேயும் ஊருக்கு நாலைந்து குடும்பம் என்பதே பல இடங்களின் நிலை. 

எனவே தொண்ணூறுகளில் இங்கு வளர்ந்த பிள்ளைக்கு வகுப்பில் தமிழ் பேச ஆளில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளி இருந்தது. கோயில் திருவிழா, கல்யாணம், பூப்புனித நீராட்டு இருந்தன. எல்லாமே வாரத்தில் ஒரு நாள், அல்லது வருடத்தில் சில நாள். எல்லாமே பெற்றோரின் கண் முன்னால். வயதொத்தவர்கள் தங்களுக்குள் தமிழில் வீணாய்ப் பேசி நேரம் போக்க ஒரு தெருமுனை இல்லை. ஒரு மொழி வீட்டுக்கு வெளியேயும் உயிரோடு இருக்க அந்தத் தெருமுனை வேண்டும்.

தெருமுனை வேறு வழியாக வந்தது. 1999 இல் ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டிய இலவச மாற்று வடிவமாக கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் வெளியானது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான மின் லே, வியட்நாமிய வம்சாவளிக் கனடியர். அதே ஆண்டில் டாய்ச்ச டெலிகோம் டிஎஸ்எல் இணைப்பு தரத் தொடங்கியது. அதற்கு முன் இணையத்துக்கு நிமிடக் கணக்கில் கட்டணம், சாதாரண இணைப்பில் அதே தொலைபேசிக் கம்பி. பிள்ளை விளையாடினால் தொலைபேசி அடிக்காது. ஊரிலிருந்து அழைப்பு வருமோ என்று காத்திருந்த வீடுகளில் அந்தக் கம்பிக்கு நடந்த சண்டையை நான் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். டிஎஸ்எல் பேச்சையும் இணையத்தையும் பிரித்தது, மாதக் கட்டணம் சண்டையை முடித்தது.

2000 ஆம் ஆண்டு இதே நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் மாநிலத் தேர்தல். வெளிநாட்டுக் கணினி வல்லுநர்களுக்கு மத்திய அரசு கிரீன் கார்டு அறிவித்திருந்த நேரம். எதிர்க்கட்சி வேட்பாளர் யூர்கன் ரூட்கர்ஸ், இந்தியர்களுக்குப் பதிலாக நம் குழந்தைகளைக் கணினியின் முன் உட்காரவைக்க வேண்டும் என்றார். ‘கிண்டர் ஷ்டட் இண்டர்’ என்று அது எதுகையோடு சுருங்கி நாடெங்கும் பரவியது. அந்த மாநிலத்துக் குழந்தைகளில் தமிழ்க் குழந்தைகளும் உண்டு என்பதும், அவர்கள் ஏற்கெனவே கணினியின் முன்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் அந்த வாசகத்தை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதே ஆண்டு அதே மாநிலத்தின் கொலோன் நகரில் இஎஸ்எல் என்ற மின்விளையாட்டு லீக் தொடங்கியது.

இந்த விளையாட்டில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதை முடிவு செய்தது பிங் என்ற எண். உங்கள் கணினியிலிருந்து ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லிநொடியில். பிங் கூடினால் நீங்கள் சுடுவதற்குள் எதிரி சுட்டுவிடுவான். ஆகவே எல்லோரும் பட்டியலில் பக்கத்து சர்வரையே தேடினார்கள். ஹாகனில் இருந்த பையனும் நூர்ன்பெர்க்கில் இருந்த பையனும் ஒரே அறைக்குள் வந்தார்கள். பாரிஸும் சூரிச்சும் கோபன்ஹேகனும் ஒப்பேறும் தூரம். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இங்கிருந்து நூறு மில்லிநொடிக்கும் மேல். அகதிச் சட்டம் மாவட்ட எல்லை போட்டது போல, கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடும் வேகம் இந்த எல்லையைப் போட்டது. அந்த எல்லைக்குள் விழுந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் சிதறிய தமிழர்களின் பிள்ளைகள்.

முகம் தெரியாத இடத்தில் தமிழனை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் தடயம் எழுத்து. அரட்டையில் ரோமன் எழுத்தில்தான் தட்ட முடியும். ‘வா’ என்பதை நான் ‘வி’ போட்டு எழுதுவேன், ஆங்கிலம் வழியாக வந்த பழக்கம். இங்கு பள்ளி சென்றவனுக்கு ஜெர்மன் ‘டபிள்யூ’தான் வகரம், ‘ஜே’தான் யகரம். ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலைப் பார்த்தே ஆள் ஜெர்மனியில் வளர்ந்தவரா, லண்டனிலா, தமிழ்நாட்டிலா என்று சொல்லிவிடலாம். தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதத் தெரியாதவர்கள் என்று நாம் வருத்தப்பட்ட பிள்ளைகள், யாரும் சொல்லித் தராமலே ஓர் எழுத்துமுறையை ஆக்கி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது தடயம் குரல். 2000களின் தொடக்கத்தில் டீம்ஸ்பீக் என்ற ஜெர்மன் மென்பொருள் ஐந்து பேர் அணி முழுவதையும் ஒரே நேரத்தில் பேச வைத்தது. பேசும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது முறை. அழுத்தியபடியே மறந்துவிடுபவர்கள் இருந்தார்கள். பின்னால் பிரஷர் குக்கர் விசிலடித்தது, தொலைக்காட்சியில் தமிழ்ப் பாட்டு ஓடியது, ஓர் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அதுவரை ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்த இன்னொருவன், ‘டேய், நீ தமிழா?’ என்றான். நான் கேட்ட இருபது முப்பது கதைகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

அடுத்த கேள்வி, எந்த ஊர். பதில் எப்போதும் இரண்டு ஊராக வரும்: இருப்பது சோலிங்கன், அப்பாவின் ஊர் புங்குடுதீவு. பெரியவர்களிடையே இந்தக் கேள்வி அத்தோடு நிற்பதில்லை. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, யாருடைய சொந்தம் என்று நாலு கேள்வியில் சாதியைத் தொட்டுவிடும். விளையாட்டறையில் பெரும்பாலும் அந்த அடுத்த கேள்வி வரவில்லை என்கிறார்கள். பிள்ளைகள் சாதியைத் துறந்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு வரும்போது அது வீட்டு வாசலில் காத்திருந்ததை அவர்களே சொல்கிறார்கள். ஆனால் அந்த அறையில் ஒருவனுக்கு மதிப்பு அவன் குறி பார்க்கும் திறமையால் வந்தது. அப்படியொரு தமிழ் இடத்தை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

பெண்களுக்கு அந்த இடம் அவ்வளவு திறந்திருக்கவில்லை. குரல் கேட்டதும் கேலி, ஆபாசம், பின்தொடர்தல். ஆடிய பெண்களில் பலர் ஒலிவாங்கியை அணைத்தே வைத்திருந்தார்கள். குரலால் தமிழரைக் கண்டுகொண்ட வரலாற்றில் அவர்கள் கேட்டவர்களாக மட்டுமே இருக்கிறார்கள்.

2002 ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் நடுக்கம்பமாகச் சொல்லலாம். பிப்ரவரி 22 அன்று இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம். வசந்தத்தில் ஏ9 வீதி திறந்தது, பல குடும்பங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்ப்பாணம் போயின. ஏப்ரல் 26 அன்று எர்ஃபுர்ட் நகரப் பள்ளியொன்றில் முன்னாள் மாணவன் ஒருவன் 16 பேரைச் சுட்டுக்கொன்று தானும் செத்தான். கொலைகார விளையாட்டுகள் என்ற சொல் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது, கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. மே மாதம் இளையோருக்குத் தீங்கான ஊடகங்களைப் பட்டியலிடும் அரசு அமைப்பு அதை ஆராய்ந்து, பட்டியலில் சேர்க்காமல் விட்டது. ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் பேசித் திட்டமிடுவது இதில் முக்கியம் என்பதும் அந்த முடிவில் கணக்கில் எடுக்கப்பட்டது. ஜூலையில் ஹாம் நகரின் தொழிற்பேட்டையில் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

நம் வரலாற்றுக் குறிப்புகளில் இவற்றில் போர்நிறுத்தமும் கோயிலும் இருக்கின்றன. மே மாத முடிவு இல்லை. ஆனால் ஹாம் தேருக்கு வருடம் ஒருமுறை வந்த பையன்கள் பலர், கோயில் வாசலில் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டது ஏற்கெனவே குரலால் தெரிந்த நண்பர்களைத்தான். எந்த நேரம், எந்தக் கடைக்குப் பக்கத்தில் என்று முந்தின இரவே பேசி வைத்திருந்தார்கள். கோயில் அவர்களைச் சேர்த்தது என்று எழுதும்போது இந்த முன்கதையையும் சேர்த்து எழுத வேண்டும்.

பெற்றோரின் பயத்துக்கு எர்ஃபுர்ட் மட்டும் காரணமாக இருக்கவில்லை. ஷெல்லடிக்குத் தப்பி வந்த ஒரு தாய்க்குப் பிள்ளையின் அறையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்பது எப்படி இருந்திருக்கும்? தலையணி கேட்கருவி வாங்கித் தந்தது படிப்புக்காக இல்லை, அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல்தான் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். பிள்ளைகளுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பெயரே ‘பயங்கரவாதிகள்’. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும், யாரும் எதையும் நினைப்பதில்லை. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளை அந்தப் பட்டியலில் சேர்த்த பிறகு, பள்ளியில் ஆசிரியரும் செய்தியில் வாசிப்பவரும் அதே சொல்லைத் தங்கள் வீட்டுப் பேச்சோடு சேர்த்துச் சொல்வதை அவர்கள் கேட்டார்கள். அங்கே பக்கம் மாறுவதில்லை. 2009 வசந்தத்தில் ஜெர்மன் நகரங்களிலும் தமிழர் வீதிக்கு வந்து நின்றபோது, எந்த ரயில், எந்த நிலையம் என்ற ஏற்பாடு சில விளையாட்டு அறைகளில்தான் பேசப்பட்டது என்று அன்று பதினேழு வயதாக இருந்த ஒருவர் சொன்னார். அந்த மே மாதத்தில் சில வாரங்கள் யாரும் ஆடவில்லை, ஆனாலும் எல்லோரும் உள்ளே வந்து பேசாமல் இருந்தார்கள் என்றும் சொன்னார்.

நான் இந்த வரலாற்றுக்கு வெளியிலிருந்து வந்தவன். தமிழ்நாட்டிலிருந்து முதுகலை படிக்க வந்து, மென்பொருள் ஆலோசகனாக இங்கேயே தங்கியவன். ஜெர்மனியில் இரண்டு தமிழ் உலகங்கள் இருக்கின்றன. ஒன்று அகதிச் சட்டத்தின் வழி வந்தது, மற்றது கிரீன் கார்டு, 2012க்குப் பின் ப்ளூ கார்டு வழி வந்தது. பொங்கல் விழா தனித்தனி, தமிழ்ப் பள்ளியும் பல ஊர்களில் தனித்தனி. மளிகைக் கடையில் சந்தித்தால் புன்னகை, அதற்கு மேல் இல்லை. 

2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் வந்தது. கைபேசி இருந்தால் போதும், நாலு பேர் ஓர் அணி. யார் அணியிலும் யாரும் சேரலாம். அடுத்த வருடம் ஓரிரவு ஐரோப்பிய சர்வரில் முன்பின் தெரியாத மூவரோடு ஆடினேன். ‘அண்ணை, கெதியா வாங்கோ, பின்னால நிக்கிறான்’ என்றது ஒரு குரல். ‘இதோ வர்றேன் தம்பி’ என்றேன். ஒரு கணம் அமைதி. ‘அண்ணா இந்தியாவோ?’ பையன் ஹைல்பிரானில் பிறந்தவன். இன்னொருவன் வவுனியாவிலிருந்து பிங்கைச் சகித்துக்கொண்டு மாமா மகனோடு ஆடியவன். மூன்றாவது ஆள் மதுரைக்காரர், துபாயில் இரவு வேலை முடித்து வந்தவர். ‘கதைக்க’ என்றால் என்ன, ‘செம’ என்றால் என்ன என்று இரண்டு மாதம் ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்திக்கொண்டோம். சண்டையும் வந்தது, ராஜீவ் கொலையிலிருந்து கிரிக்கெட் வரை. இரண்டு உலகத்துத் தமிழர் உட்கார்ந்து சண்டை போட ஓர் இடம் கிடைத்ததே என்று எனக்குப் பட்டது. மளிகைக் கடைப் புன்னகையில் அதற்கு வழியில்லை.

2020 செப்டம்பர் 2 அன்று, எல்லை மோதலுக்குப் பின், இந்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30 உடன் இந்தியாவில் சேவை நின்றது. 2021 ஜூலையில் அது வேறு பெயரோடு, இந்திய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று திரும்பி வந்தது. இலங்கையிலும் ஐரோப்பாவிலும் பழைய ஆட்டம் தொடர்ந்தது. தமிழ்நாடு தனி அறைக்குள் போனது. இரண்டு ஆண்டுகள் திறந்திருந்த ஒரு கதவு, தமிழரை மனதில் வைக்காத ஒரு முடிவால் மூடியது. கோனிக்ஸ்டைன் அளவுகோலும் தமிழரை மனதில் வைத்து வந்ததல்ல.

அந்தத் தொற்றுக்கால வருடத்தில் இந்த அனுபவம் எல்லா வயதினருக்கும் வந்தது. ஜெர்மன் சதுரங்க லீக் ஆட வந்த விஸ்வநாதன் ஆனந்த், விமானங்கள் நின்றதால் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் மே இறுதி வரை தங்க நேர்ந்தது. மே 5 முதல் 10 வரை நடந்த இணையவழி நாடுகள் கோப்பையில் இந்திய அணிக்காக இங்கிருந்தே ஆடினார். அணியில் பா. அதிபனும் இருந்தார். உலக சாம்பியனாக இருந்தவரும் அந்த வாரம், ஹாகனில் இருந்த பையனைப் போல, ஜெர்மனியில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து தன் அணியைத் திரையில்தான் சந்தித்தார்.

இதற்குள் தமிழ் விளையாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் திராவிடர் என்ற புதிய தரப்பைச் சேர்த்தார்கள். ராஜேந்திர சோழன் கதையும் திரிசடைக் கப்பலும் சுருள்வாள் வீரரும் உண்டு, படைவீரர் தமிழில் பதில் சொல்கிறார்கள். அவ்வருடம் அக்டோபரில் இந்த ஆட்டத்தின் பெரும் போட்டி ஹைடல்பெர்க் கோட்டையில் நடந்தது. சோழர் படை தமிழ் பேசுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தமிழ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசியது, வட்டில் பத்திரமாக இருக்கும். சோலிங்கன் பையன் நூர்ன்பெர்க் பையனிடம் பேசிய தமிழ் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை என்பதே பெரும்பாலும் பதில். டீம்ஸ்பீக் சர்வர்களைப் பிள்ளைகள் கைக்காசு சேர்த்து மாத வாடகைக்கு எடுத்தார்கள். வாடகை நின்றதும் அழிந்தன. குரலை யாரும் சேமிக்கவில்லை. அவர்கள் ஊர், வயது, பெயர் பரிமாறிக்கொண்ட ஐசிக்யூ 2024 ஜூன் 26 அன்று மூடப்பட்டது. கோயில்களுக்கு மலர் உண்டு, தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆண்டறிக்கை உண்டு. ஜெர்மன் தமிழரின் வரலாற்றை நாளை எழுதுபவர் அவற்றை வைத்துத்தான் எழுதுவார். அதில் ஒரு தலைமுறை பெற்றோர் கைபிடித்து வரிசையில் நிற்கும். தன் விருப்பத்தால், தன்னிடையே, நள்ளிரவு வரை தமிழ் பேசிய அதே தலைமுறை அதில் இருக்காது. பிள்ளைகள் தமிழை விட்டுவிட்டார்கள் என்ற நம் புலம்பலுக்கு எதிரான சாட்சி அழிந்துபோகும்.

முற்றிலும் அழியவில்லை என்பதும் உண்மை. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஓர் ஆட்டத்தை முழுதாகப் பதிந்து வைக்கும் டெமோ என்ற கோப்பு வகை உண்டு. ஆட்டத்தின் நடுவே தட்டிய அரட்டையும் அதில் இருக்கும். அன்றைய பையன்கள் இன்று நாற்பதைத் தொடுகிறார்கள், பழைய கணினிகள் பெற்றோர் வீட்டு நிலவறையில் கிடக்கின்றன. வீட்டை விற்கும்போது அவை குப்பைக்குப் போகும். அதற்கு முன் யாராவது கேட்டு வாங்கி நகலெடுக்க வேண்டும். நான் இதுவரை ஆறு பேரிடம் வாங்கியிருக்கிறேன். ஒன்றில் 2004 தேதியிட்ட ஒரு கோப்பு. ஆட்டம் தோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசிச் சுற்றுக்கு முன் ஒருவன் ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் தட்டுகிறான்: அம்மா கூப்பிடுறா, போட்டு வாறன். அடுத்தடுத்து மூன்று பேர் ஒரே பதிலைத் தட்டுகிறார்கள்: ஓம்.